தேனீக் குரலில் ஒரு ஈ

என் கொக்கு குறி தவறாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையும் உண்டுதான், அதை எதற்கு மறைக்க வேண்டும்? கணபதிப் பகுதியில் தகரக் கூரை போட்ட என் பட்டறையில் முதல் கொக்கைச் செய்து நிறுத்தியபோது, பக்கத்து மோட்டார் பட்டறைக்காரர்கள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, பொம்மை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்று தொண்டாமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரம் வரைக்கும் எந்தப் பாகற்பந்தலுக்குள் நுழைந்தாலும் ஒரு கொக்கு நிற்கிறது.

கொக்கு என்பது ஊர் வைத்த பெயர். நான் வைத்த பெயர் நீளமானது, யார் வாயிலும் நுழையவில்லை. ஒற்றைக் காலில் நிற்கும் ஆளுயரக் கம்பம். உச்சியில் திரும்புகிற தலை. தலையில் இரண்டு காது, நெற்றியில் ஒரு கண். பூச்சிகளின் சிறகுச் சத்தத்தைக் காது கேட்கும். பழ ஈயின் சத்தம் என்றால் கண் குறி பார்க்கும், ஊசி போல ஓர் ஒளி பாயும், ஈ விழும். தேனீயின் சத்தம் என்றால் தலை வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். பழ ஈ பாகல் பிஞ்சுக்குள் முட்டையிட்டுக் காயைப் புழுவாக்குகிறது. தேனீ வந்து உட்கார்ந்தால்தான் பூவே பிஞ்சாகிறது. ஒன்றைக் கொல்ல வேண்டும், மற்றதைத் தொடக்கூடாது. ஒவ்வொரு பூச்சியும் தனக்கென்று ஒரு சுருதியில் சிறகடிப்பதால் இரண்டையும் பிரிக்கக் காது போதும் என்று முடிவு செய்தேன்.

கொக்கு வந்த பிறகு அந்தப் பக்கம் மருந்தடிப்பது நின்றுபோனது. மருந்து நெடியில் வருடக்கணக்காக இருமிக்கொண்டிருந்தவர்கள் இருமலை மறந்தார்கள். மருந்து படாத காய் என்று வெளியூர் வியாபாரிகள் தேடி வந்தார்கள். பூச்சிகளை ஆற அமர உட்கார்ந்து பார்ப்பது எனக்குப் பிடிக்கும். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கும்பிடுபூச்சியை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வந்த வேலையை மறந்து திரும்பியதும் உண்டு. அப்படிப்பட்டவள் கொலைக்கருவி செய்கிறாளே என்று என் அக்கா கேலி செய்வாள்.

இந்தப் பருவத்தின் முதல் பறிப்பு முடிந்ததும் நாச்சிமுத்து அண்ணன் போனில் கூப்பிட்டார். மலையடிவாரத்தில் கல்தூண் பந்தல் போட்டுப் பாகல் விளைவிப்பவர். என் கொக்கை முதலில் நம்பி வாங்கியவர், அந்த உரிமையில் என்னை முதலில் திட்டுகிறவரும் அவர்தான். உங்க கொக்குக்குக் காது செவிடாகிப் போச்சுங்க, வந்து பாருங்க என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

காலையிலேயே போனேன். ஏணியைச் சாய்த்து ஏறி, தலையைக் கழற்றி, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். திருகு சுத்தமாக இருந்தது. கண்ணில் தூசி இல்லை. என் போனில் பதிந்து வைத்திருந்த பழ ஈயின் ரீங்காரத்தை ஒலிக்கவிட்டேன். தலை வெடுக்கென்று போனை நோக்கித் திரும்பியது. தேனீயின் ரீங்காரத்தை ஒலிக்கவிட்டேன். கண்டுகொள்ளவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஏணியிலிருந்தே சொன்னேன். அண்ணன் ஒரு காயைப் பறித்துக் கத்தியால் பிளந்து என்னை நோக்கி நீட்டினார். உள்ளே வெள்ளைப் புழு துள்ளிக்கொண்டிருந்தது. இன்னொரு காய், அதிலும் புழு. பந்தலில் பாதிக்கு மேல் இப்படித்தான் என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பந்தல் நிழலில் உட்கார்ந்துகொண்டேன். மேற்கே மலையில் மேகம் இறங்கியிருந்தது, கொடிக்குள் காற்று நன்றாக வந்தது. தலைக்கு மேலே ஒரு தேனீயின் சத்தம் கேட்டது. கொக்கும் கேட்டது, அசையவில்லை. சத்தம் வந்த இடத்தைப் பார்த்தேன். ஒரு பிஞ்சின் மேல் அந்தப் பூச்சி இறங்கியது. இடுப்பு ஒடுங்கி, சிறகில் பழுப்புக் கோடு ஓடியிருந்தது. வாலை மடக்கிப் பிஞ்சின் தோலுக்குள் குத்தியது. அது பழ ஈ.

எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து அதைப் பிடித்தேன். உள்ளே சிறகடித்த சத்தத்தைப் போனில் அளந்தேன். தேனீயின் சுருதி, மயிரிழை பிசகில்லை. பயமா, வியப்பா என்று கேட்டால் இரண்டும்தான். இப்படி ஒரு ஈயை இதற்கு முன் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், அதை உண்டாக்கியது நான்.

அண்ணனுக்கு விளக்கிச் சொன்னேன். ஈக்களில் எப்போதும் லட்சத்தில் ஒன்று கொஞ்சம் வேகமாகச் சிறகடிக்கும். மற்றவற்றைக் கொக்கு கொன்றது, அந்த ஒன்று தப்பியது. அதன் குஞ்சுகளில் இன்னும் வேகமானது தப்பியது. ஈக்கு வருடத்தில் பல தலைமுறை. சில வருடங்களில் தப்பியதெல்லாம் தேனீக் குரலில் வந்து நின்றுவிட்டது.

அவர் டம்ளரை விரலால் சுண்டினார்.

"பட்டுக் கட்டீட்டு வந்தவிய மட்டும் பந்திக்கு விடுன்னு சொல்லிப்போட்டீங்க. திருடனும் பட்டுக் கட்டீட்டு வந்துட்டான்."

"அவன் கட்டீட்டு வரலீங்ணா. கட்டாம வந்தவன எல்லாம் நாம கொன்னுட்டோம். தற்செயலாக் கட்டியிருந்தவன் மிச்சம்."

"எப்படியோ, சோத்தைத் தின்னுட்டுப் போயிட்டானுங்களே."

அப்போது அவர் மனைவி திருமாத்தாள் அக்கா காப்பி கொண்டுவந்தார். அதிகம் பேசாதவர், பேசினால் யாரும் எதிர்த்துப் பேச முடியாதவர். வீட்டுப் பொடக்காளியில் நாலு கொடி விட்டிருப்பதாகவும், அதில் இவ்வளவு அழுகல் இல்லை என்றும் சொன்னார். அங்கேயும் ஒரு கொக்கு உண்டு. ஆரம்பத்தில் மாதிரிக்காக நான் கொடுத்த பழைய கொக்கு.

வீட்டுக்குப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தலை திரும்பிக்கொண்டிருந்தது. ஆனால் நெற்றிக் கண்ணின் மேல் உரைத்த சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, சிமெண்ட் போல இறுகியிருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்தது. அன்றைக்கு அந்த ஊரில் மோட்டார், டிராக்டர், கடப்பாரை எல்லாவற்றுக்கும் ஓய்வு, எல்லாவற்றுக்கும் பொட்டு. மற்றவர்கள் கொக்கின் கம்பத்தில் வைத்திருந்தார்கள். அக்கா மட்டும் நெற்றியில் வைத்துவிட்டார்.

"மூஞ்சி இருக்கற சாமானுக்கு நெத்தியில வெக்காம வேற எங்கீங்க வெக்கறது?" என்றார்.

கண் தெரியாவிட்டால் சுடக்கூடாது என்று நானே அதற்குச் சொல்லி வைத்திருந்தேன். ஆக, பூஜை முடிந்ததிலிருந்து இந்தக் கொக்கு சும்மா தலையாட்டிக்கொண்டுதான் நின்றிருக்கிறது. சுற்றிலும் பார்த்தேன். பழ ஈ நிறையவே இருந்தது. நாலில் ஒரு காய் போயிருந்தது. ஆனால் தட்டான்கள் திரிந்தன, இலைக்கு இலை சிலந்தி இருந்தது, கும்பிடுபூச்சி ஒன்று ஈயைத் தின்றுகொண்டிருந்தது. பெரிய பந்தலில் ஈ கிடைக்காமல் இவையெல்லாம் எப்போதோ கிளம்பி இங்கே வந்திருக்கின்றன. பொழுது சாயும்வரை போனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஈயாகக் கேட்டேன். எல்லாம் பழைய ஈயின் பழைய சத்தம். தேனீக் குரலில் ஒன்றுகூட இல்லை.

காரணம் புரிய அன்று இரவெல்லாம் படிக்க வேண்டியிருந்தது, புரிந்ததும் சிரிப்பு வந்தது. ஆண் ஈ சிறகடித்துப் பாடித்தான் பெண்ணை அழைக்கிறது. பாட்டுத் தப்பினால் பெண் ஈ திரும்பிப் பார்ப்பதில்லை. ஒழுங்காகப் பாடுகிறவன் பக்கத்தில் இருக்கும்வரை தேனீ போல் பாடுகிறவனுக்குக் கல்யாணம் ஆகாது. ஒழுங்காகப் பாடுகிறவர்களை எல்லாம் என் கொக்கு கொன்றுவிட்டதால்தான் அவனுக்குப் பெண் கிடைத்தது. அப்படியென்றால் வைத்தியம் சுலபம். ஐந்தில் ஒரு பந்தலில் கொக்கு தூங்க வேண்டும். அங்கே பிழைக்கிற நல்ல ஈக்கள் ஊரெல்லாம் பரவி, கள்ள ஈயின் வம்சத்தைக் கரைத்துவிடும்.

யார் பந்தலில் கொக்கு தூங்குவது என்பதுதான் சுலபமில்லை.

பாகல் விவசாயிகள் சங்கம் கூடியது. தலைவர் பொங்கியண்ணன் நிதானமானவர், கெட்டவர் அல்ல. அவரிடம் வேறு வைத்தியம் இருந்தது. தேனீக் குரலையும் சேர்த்துக் கொல்லும்படி கொக்குகளை மாற்றிவிட வேண்டும். தேனீ போனால் போகட்டும், ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தேய்த்துவிட ஆட்களை வைத்துக்கொள்ளலாம். கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். நாச்சிமுத்து அண்ணன் எல்லோரையும்விட வேகமாகத் தலையாட்டினார். அதற்காக அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அழுகிக் கிடந்தது அவருடைய பந்தல்.

என் போனில் இருந்தே ஒரு நொடியில் அதைச் செய்துவிடலாம் என்றேன். செய்ய மாட்டேன் என்றும் சொன்னேன். தேனீ நம் பாகலுக்கு மட்டும் வருவதில்லை, முருங்கைக்கும் தென்னைக்கும் மலையில் இருக்கிற மரத்துக்கும் போகிறது. அதைக் கொன்றால் ஈ அடுத்து வேறொரு சுருதிக்குப் போகும். அதையும் கொல்வோமா? கடைசியில் கொக்கு மட்டும்தான் மிஞ்சும். பொங்கியண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் செய்யாவிட்டால் செய்கிறவர்களைக் கூட்டிவருவோம் அம்மிணி, கொக்கு எங்களுடையது என்றார். அவர் சொன்னது நியாயம்தான். கொக்கை நான் விற்றுவிட்டேன். ஆனாலும் ஐந்தில் ஒரு பந்தலில் கொக்கு தூங்கட்டும் என்ற என் யோசனையைச் சொன்னேன்.

யோசனை நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். முதல் வருடம் யார் என்று கேட்டபோது ஆளாளுக்கு மேற்கே மலையைப் பார்த்தார்கள்.

திருமாத்தாள் அக்கா பின்வரிசையில் இருந்து எழுந்தார்.

"வாய்க்கால் தண்ணிக்கு முறை வெச்சு எத்தனை தலைமுறையாப் பாச்சிட்டிருக்கறோம். நல்லதுக்கு முறை வெக்கத் தெரிஞ்ச ஊருக்கு, கெட்டதுக்கு முறை வெக்கத் தெரியாதுங்களா? வருசத்துக்கு அஞ்சுல ஒரு பங்குப் பந்தக்காட்டுல கொக்குத் தூங்கட்டும். முறைக்காரனுக்கு மத்தவிய பறிப்புக்கு ஒரு கூடை குடுத்துப்போடுங்க. முதல் முறை எங்களுது."

"யாரைக் கேட்டுச் சொன்ன?" என்று அண்ணன் முன்வரிசையிலிருந்து திரும்பினார்.

"காட்டுப் பத்திரம் எம்பேர்லதானுங்க இருக்குது. என்னையக் கேட்டுட்டுத்தான் சொன்னேன்."

கூட்டம் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் பொங்கியண்ணன் முறையை எழுதிக்கொண்டார். அவருடைய காட்டுக்கு மூன்றாவது வருடம் விழுந்தது. இந்தப் பருவம் முடிவதற்குள் பலன் தெரியாவிட்டால் தேனீக் குரலுக்கும் கொக்கு சுடும் என்று முடிவாயிற்று. அதாவது அந்த ஒரு குடும்பத்தின் பந்தலை நம்பித்தான் பள்ளத்தாக்கின் தேனீக்கள் எல்லாம் இருந்தன.

வாய்க்காலின் கடைசி மடையில் இருக்கிற நாச்சிமுத்து அண்ணனின் பந்தலிலும், அதை ஒட்டிய அவர் பங்காளிகளின் பந்தல்களிலும் கொக்குகளை நானே அணைத்துத் தூங்க வைத்தேன். அண்ணன் என்னோடு பேசவில்லை. அக்காவோடும் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். பறிப்புக்கு ஒரு கூடை என்று மற்றவர்கள் கொண்டுவந்து வைத்ததில் பாதி கோணல் காய், சந்தைக்குப் போகாதது. அண்ணன் அதைத் தரம் பிரித்துத் திருப்பி அனுப்பி, ஊரில் நாலு பேருடன் சண்டையும் போட்டார்.

மற்றப் பந்தல்களில் பறிப்புக்குப் பறிப்பு விழுகிற புழுக்காயின் கணக்கு என் பட்டறைக்கு வந்துகொண்டிருந்தது. கள்ள ஈ மெல்லக் குறைந்தது. கடைசி மடைக்குப் பக்கத்துப் பந்தல்களில் முதலில் குறைந்தது, பிறகு அடுத்த வரிசையில். எனக்குச் சாப்பாடு இறங்க ஆரம்பித்தது. ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. அண்ணனுடைய பந்தலில் நான் கணக்குப் போட்டதைவிட நல்ல காய் அதிகமாக வந்துகொண்டிருந்தது. கொக்கு தூங்குவது என் போனில் தெரிகிறது. பிறகு எப்படி? மருந்தடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். மருந்து என்றால் நல்ல ஈயும் சாகும், எல்லாம் பாழ். முறைத் தண்ணீரில் மடையைக் கள்ளத்தனமாகத் திறக்கிறவர்களைப் பற்றி அந்த ஊரில் எத்தனையோ கதைகள் உண்டு. எரிச்சலோடு வண்டியை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போனேன்.

பந்தலுக்குள் 'சட்' என்று ஒரு சத்தம் கேட்டது. கவிழ்த்த தக்காளிப் பெட்டியின் மேல் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கையில் கொசு அடிக்கிற கரண்ட் பேட். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"அண்ணா, முறைக்கு ஒத்துக்கிட்டு இப்படிச் செய்யலாமுங்களா? நல்ல ஈ பொழைக்கோணும்னுதான இத்தனை பாடும்?"

அவர் அசரவில்லை. பக்கத்தில் இன்னொரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்.

"உக்காருங்க அம்மிணி. எதை அடிக்கறேன்னு பார்த்துப்போட்டுப் பேசுங்க."

உட்கார்ந்தேன். ஒரு பழ ஈ பிஞ்சைச் சுற்றி வந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார், பேட்டைத் தூக்கவில்லை. முட்டையிடட்டும் என்பது போல விட்டுவிட்டார். ஒரு தேனீ பூவுக்கு வந்தது. பார்த்தார், விட்டார். பிறகு இன்னொரு தேனீச் சத்தம். பார்த்தார், பழுப்புக் கோடு போட்ட சிறகு. 'சட்'.

ஈ உடம்பும் தேனீக் குரலும் ஒன்றாக இருந்தால் மட்டும் அடி. இது என் கொக்குக்குத் தெரியாது. அது காதால் முடிவெடுத்துவிட்டுக் கண்ணைக் குறி பார்க்க மட்டும் வைத்துக்கொண்டிருந்தது. இத்தனை நாள் பேசாமல் இருந்தவர் பெட்டியில் உட்கார்ந்து இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார். கோபம் போன வேகத்தில் உற்சாகம் வந்தது. இந்த வாரமே கொக்கின் கண்ணுக்கும் பாடம் சொல்லித் தருகிறேன், காதும் கண்ணும் சேர்ந்து கள்ள ஈயை மட்டும் சுடட்டும், யாரும் காட்டை விட்டுக்கொடுக்க வேண்டாம், முறையே வேண்டாம் என்று கடகடவென்று சொல்லிக்கொண்டே போனேன். மனசுக்குள் படம்கூட வரைந்துவிட்டேன்.

அண்ணன் பேட்டின் கம்பியில் ஒட்டியிருந்த ஈயைத் தட்டிவிட்டார்.

"உங்க கொக்கு ஒண்ணுகூடத் தப்ப விடாதுங்களே?"

"ஒண்ணுகூட விடாதுங்ணா."

"அப்ப அடுத்தாப்ல அது தேனீயாட்டவே வரி போட்ட சட்டையும் போட்டுட்டு வருமுங்க. அப்ப என்ன பண்ணுவீங்க?"

டம்ளரைக் கவிழ்த்த அன்று இவருக்கு நான்தான் இதை விளக்கினேன். இப்போது அவர் எனக்குத் திருப்பிக் கொடுக்கிறார். நீங்கள் அடிப்பதில் எத்தனை தப்பும் என்று கேட்டேன்.

"பாதிக்கு மேல தப்பிருமுங்க. கண்ணும் முன்னையாட்ட இல்லை."

"தப்புனதைத் தேடிப் போய் அடிப்பீங்களா?"

"அதுக்கு எங்கீங்க நேரம்? கொடி கட்டோணும், காப்பி குடிக்கோணும். உங்கக்கா வேற இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கறா."

என் கொக்கு காப்பி குடிக்காது. அதற்குக் கண் மங்காது, கை வலிக்காது, யாருடனும் மனஸ்தாபம் வராது. குறி தவறாது என்று ஊர் ஊராகச் சொல்லித்தான் அதை விற்றேன். குறி தவறாத ஒன்றை எதிரில் நிறுத்தினால் ஈ மாறித்தான் ஆக வேண்டும், வேறு வழியே கிடையாது. கண் மங்கின ஒருவர் பேட்டோடு உட்கார்ந்திருந்தால் மாற வேண்டிய அவசியம் இல்லை. பாதி சாகும், பாதி பிழைக்கும், காயிலும் பாதிக்கு மேல் நமக்கு மிஞ்சும். நான் இத்தனை வருடம் துடைத்துத் துடைத்து நீக்கிய தவறுதான் இந்த இயந்திரத்துக்குத் தேவையான உறுப்பு என்று பந்தல் நிழலில் எனக்குப் புரிந்தது. பட்டறைக்குப் போனதும் கொக்குக்குக் குறி தவறக் கற்றுக்கொடுக்க வேண்டும். எத்தனைக்கு ஒன்று தவற வேண்டும் என்பதை இவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். பொங்கியண்ணன் ஒத்துக்கொள்வாரா தெரியாது. ஒத்துக்கொள்ள வைத்துவிடலாம் என்று தோன்றியது.

அண்ணன் கையைத் தூக்கி என்னைப் பேசவேண்டாம் என்றார். ஒரு தேனீச் சத்தம் எங்களை நோக்கி வந்தது. என் முழங்கையில் வந்து இறங்கியதைப் பார்த்தேன், ஒடுங்கின இடுப்பு, பழுப்புக் கோடு. அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேட்டை மெல்ல உயர்த்தி, கண்ணைச் சுருக்கி, ஓங்கி வீசினார்.

ஈ பறந்துபோய்விட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.